10க்கு 12 ரூமுக்கு 100 வாட்ஸ் எதுக்கு சார்?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, வீட்டுக் கடன் இல்லை. ஆம்ப்ளிஃபையர். "பணத்தைப் பத்தி பேசுற இடத்துல பாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை?"ன்னு கேட்கலாம். ஒன்றரை லட்சம் ரூபாய் கொட்டேஷனோட ஒருத்தர் வந்து நின்னா, அது பண விஷயம்தானே.

போன மாசம் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு சார் பேசினார். பெல்-லில் முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பசங்க ரெண்டு பேரும் வெளிநாடு. பையன் படிச்ச ரூம் காலியாக் கிடக்கு, 10 அடிக்கு 12 அடி. அப்பா விட்டுட்டுப் போன கர்நாடக சங்கீத எல்.பி. ரெக்கார்டுகள் ஒரு பீரோ நிறைய இருக்கு. "இனிமேலாவது உக்காந்து பாட்டு கேட்கணும் தம்பி. நாற்பது வருஷமா ஷிஃப்டு, கல்யாணம், பசங்க ஃபீஸ்னு ஓடிப் போச்சு"ன்னார்.

கடைக்குப் போயிருக்கார். பெரிய டெமோ ஹால். 100 வாட்ஸ் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் ஒண்ணைப் போட்டுக் காட்டியிருக்காங்க. ஆம்ப்ளிஃபையர் மட்டும் 90,000. ஸ்பீக்கருக்கு 45,000. மீதி 15,000 கேபிளுக்கும் "பவர் கண்டிஷனருக்கும்". மொத்தம் ஒன்றரை லட்சம். 12 மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. கிடைக்குமாம். அவர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "எஃப்.டி.யை உடைச்சு வாங்கட்டுமா, இ.எம்.ஐ.ல வாங்கட்டுமா?"

நான் சொன்ன பதில்: ரெண்டும் வேண்டாம் சார். அந்த ரூமுக்கு அந்தப் பெட்டி தேவையான்னு முதல்ல பார்ப்போம்.

இதைச் சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்ததுன்னா, அதே தப்பை நான் செஞ்சிருக்கேன். சில வருஷத்துக்கு முன்னாடி தில்லைநகர்ல வாடகை வீட்டுல இருந்தப்போ பர்சனல் லோன் போட்டு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. தப்பு அவங்களோடது இல்லை, என்னோடது. மூணு வருஷம் வச்சிருந்தேன். அந்த மூணு வருஷத்துல வால்யூம் குமிழ் கடிகார முள் ஒன்பது மணியைத் தாண்டினதே இல்லை. ஒரு தடவை தாண்டினேன், கீழ் வீட்டுப் பாட்டி மேல வந்து "ஏம்ப்பா, எங்க வீட்டு ஸ்டீல் டப்பால்லாம் ஆடுதே"ன்னு கேட்டாங்க. கடைசியில பாதி விலைக்கும் குறைவா வித்தேன். லோன் அதுக்கப்புறமும் ஏழு மாசம் ஓடுச்சு. வீட்டுல இல்லாத பொருளுக்கு இ.எம்.ஐ. கட்டுற அனுபவம் இருக்கே, அதை நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுலதான் 50,000 ரூபாய் மிச்சம் இருக்கு.

இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர்னா வேற ஒண்ணும் இல்லை. எந்தக் கருவியோட பாட்டு வரணும், எவ்வளவு சத்தம் வேணும்னு தேர்ந்தெடுக்கிற ப்ரீ ஆம்ப்பும், ஸ்பீக்கரைத் தள்ளுற பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில. அதுக்கு எவ்வளவு வாட்ஸ் வேணும்ங்கிறதை முடிவு பண்றது ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஸ்பீக்கரும், நீங்க உட்கார்ற தூரமும்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுக்கு 86 டெசிபல் சர்வசாதாரணம். அதாவது 1 வாட் குடுத்தா, 1 மீட்டர் தூரத்துல 86 டெசிபல் சத்தம். 10க்கு 12 ரூம்ல நீங்க உட்கார்றது சுமார் 2 மீட்டர் தள்ளி. தூரம் இரட்டிப்பானா 6 டெசிபல் குறையும், 80. ரெண்டு ஸ்பீக்கர் பாடுறதால 3 கூடும், 83. சுவர்கள் திருப்பி அனுப்புற சத்தத்தைக் கணக்குல சேர்க்கவே இல்லை. சேர்த்தா இன்னும் கூடும்.

வீட்டுல ரசிச்சுக் கேட்கிற அளவு சராசரி 75 டெசிபல்னு வச்சுக்குவோம். 83க்கே 1 வாட் போதும்னா, 75க்கு? ஆறுல ஒரு பங்கு வாட். ஆமாம், ஒரு வாட் கூட இல்லை. ஆனா பாட்டு சராசரியாவே ஓடாது. தனி ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரர் கோர்வை முடிக்கும்போது ஒரு தட்டு தட்டுவார் பாருங்க, அந்த ஒரு கணத்துக்கு சராசரியை விட 20 டெசிபல் மேல போகலாம். அந்த 95 டெசிபலுக்கு எவ்வளவு வேணும்? சுமார் 16 வாட்ஸ். அவ்வளவுதான். ரெண்டு மடங்கு தாராளமா வச்சாலும் 30, 40 வாட்ஸில் கதை முடிஞ்சது.

50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனா சத்தம் இரட்டிப்பாகும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். பவர் இரட்டிப்பானா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு போல"ங்கிற அளவு. காதுக்கு இரட்டிப்பா தெரியணும்னா பவர் பத்து மடங்கு வேணும். விலை அட்டை மட்டும் நேர்கோட்டுல ஏறும், காது அப்படி ஏறாது.

இதைச் சொன்னப்போ சார் நம்பலை. "என்ன தம்பி, அரை வாட்டுல பாட்டா?" அவர்கிட்ட அவர் வீட்டுக் கதையையே திருப்பிக் கேட்டேன். சின்ன வயசுல பாட்டு எதுல சார் கேட்டீங்க? திருச்சி வானொலியில. 1939 மே 16-ல தொடங்கின நிலையம். அந்த வீதிகள்ல ரெண்டு மூணு தலைமுறைக்குக் காது பழகினதே அதுலதான். என்ன ரேடியோ? மர்ஃபி வால்வ் செட். சாயங்காலம் கச்சேரி ஆரம்பிச்சா திண்ணையில உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கும் கேட்கும், எதிர் வீட்டுக்கும் கேட்கும். அந்த மாதிரி ரேடியோக்களோட அவுட்புட் ஒரு சில வாட்ஸ்தான் சார்னு சொன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நம்ம ஊர்ல வாட்ஸ் மோகம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 90-கள்ல டூ-இன்-ஒன் செட் மேல "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ."ன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஞாபகம் இருக்கா? பிளக்குல இருந்து 30 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 1000 வாட்ஸ் எப்படித் தரும்னு நாம யாரும் கேட்டதில்லை. பி.எம்.பி.ஓ.வுக்கு ஒரு பொதுவான அளவுகோலே கிடையாது. அமெரிக்காவுல இந்த விளையாட்டு முத்திப் போய் 1974-லேயே அங்குள்ள வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களுக்கு விதி போட்டது. நீங்க பார்க்க வேண்டியது 8 ஓம்ஸில், ரெண்டு சேனலும் ஒரே நேரத்துல ஓடும்போது, தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ். அந்த வரி இல்லாத விளம்பரத்தை அப்படியே மூடிடுங்க.

இன்னொரு பழைய கதை. 1978-ல என்.ஏ.டி. கம்பெனி 3020-ன்னு ஒரு இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் கொண்டு வந்தது. பார்க்க சாம்பல் கலர்ல ஒரு டப்பா. மதிப்பிட்ட பவர் 20 வாட்ஸ். உலகத்துல ஹை-ஃபை பைத்தியம் பிடிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு முதல் ஆம்ப்ளிஃபையர் அதுதான்னு சொல்ற அளவுக்கு ஓடுச்சு. 20 வாட்ஸ்!

அப்போ "குவாலிட்டி"? விலை கூடினா சவுண்ட் இனிமையா இருக்காதா? 1987 ஜனவரியில அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை இதைச் சோதிச்சுப் பார்த்துச்சு. சாதாரண ரிசீவர்ல இருந்து பல ஆயிரம் டாலர் வால்வ் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும், எது ஓடுதுன்னு சொல்லாம, சத்தத்தைச் சமமா வச்சு கேட்க வச்சாங்க. ஆம்ப்ளிஃபையருக்கு ஆம்ப்ளிஃபையர் வித்தியாசம் தெரியும்னு நம்பினவங்களும் உட்கார்ந்தாங்க. மொத்தமா பார்த்தா யாராலும் நம்பகமா பிரிச்சுச் சொல்ல முடியலை. கடை டெமோவுல ஏன் வித்தியாசம் தெரியுதுன்னா, பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு ஒரு துளி சத்தமா ஓடுறதால. சத்தம் கூடினது நல்லா இருக்கிற மாதிரி காதுக்குத் தோணும். இதுல எனக்குச் சண்டை போட விருப்பம் இல்லை. வால்வ் ஆம்ப்ளிஃபையரோட வெதுவெதுப்பு பிடிச்சிருந்தா வாங்கிக்கோங்க, அது அழகு. ஆனா அது காதுக்குன்னு நினைச்சுக் கடன் வாங்காதீங்க.

ஆம்ப்ளிஃபையரை மாத்தினா பத்துல ஒரு பங்கு வித்தியாசம்னா, ஸ்பீக்கரை மாத்தினா அஞ்சு பங்கு, ரூமைச் சரி பண்ணினா மீதி எல்லாம். இது என் கருத்து, லேப் ரிப்போர்ட் இல்லை. ஆனா சாரோட ரூமை வீடியோ கால்ல பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. மொசைக் தரை, நாலு பக்கமும் சிமென்ட் சுவர், ஒரு இரும்பு பீரோ. கை தட்டச் சொன்னேன். "டிங்"ன்னு ஒரு மணிச் சத்தம் மாதிரி சுவருக்குச் சுவர் ஓடுச்சு. இந்த ரூம்ல ஒரு லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபையர் வச்சாலும் பாடகரோட "ச" எல்லாம் காதைக் குத்தும், தம்புரா கரைஞ்சு போகும்.

அதோட, 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்துலயும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கத்துலயும் ரூம் தானே முழங்கும். எந்த ஆம்ப்ளிஃபையர் போட்டாலும் இது மாறாது. ரூமோட அளவு அது. ஸ்பீக்கரை மூலையில ஒட்டி வச்சா இன்னும் மோசம். மிருதங்கத்தோட தொப்பி "தொம்"முனு கேட்காம "பூம்ம்"முனு இழுக்கும். ஒரு அடி, ஒண்ணரை அடி சுவரை விட்டு முன்னாடி இழுங்க, ட்வீட்டர் உட்கார்ந்த காது உயரத்துக்கு வரட்டும். இதுக்குச் செலவு சைபர். தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம், ரெண்டு மடிப்பா. ஜன்னலுக்குக் கனமான திரை. பின் சுவர்ல புத்தக அலமாரி. சார் வீட்டுல மாமி கல்யாணத்துக்கு வாங்கின ஜமுக்காளம் பரண்ல தூங்கிட்டிருந்தது. அதை விரிச்சுட்டு மறுபடி கை தட்டினார். "அட, அடங்கிடுச்சே தம்பி!"

கடைக்காரர் 15,000 போட்ட கேபிளையும் பவர் கண்டிஷனரையும் அப்போவே அடிச்சாச்சு.

அப்போ ஆம்ப்ளிஃபையர்ல என்னதான் பார்க்கணும்? ஓரளவு நல்ல கம்பெனின்னா சவுண்டைப் பத்தி கவலைப்படாம, உங்க வீட்டுக்குப் பொருந்துதான்னு பாருங்க. சார்கிட்ட எல்.பி. இருக்கு, அதனால ஃபோனோ இன்புட் கட்டாயம். அது இல்லாத பெட்டியில டர்ன்டேபிளை நேரா மாட்டினா ஈ முனகுற மாதிரிதான் கேட்கும். டிவியை இணைக்கணும்னா ஆப்டிகல் இல்லை எச்.டி.எம்.ஐ. வேணும். பின்னாடி சப்வூஃபர் சேர்க்கிற எண்ணம் இருந்தா அதுக்கு ஒரு அவுட். டோன் கன்ட்ரோல் இருக்கட்டும். "சுத்தவாதி"கள் கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். பழைய ரெக்கார்டுகளோட கிறீச்சை ஒரு சுத்துல குறைக்க அதை விட நல்ல வழி இல்லை.

யமஹா ஏ-எஸ்301 8 ஓம்ஸில் 60 வாட்ஸ். ஃபோனோ, ஆப்டிகல், சப்வூஃபர் அவுட் மூணும் உண்டு. மராண்ட்ஸ் பி.எம்.6007 45 வாட்ஸ், அதுலயும் ஃபோனோவும் ஆப்டிகலும் இருக்கு. என்.ஏ.டி. சி 316பி.இ.இ. வி2 40 வாட்ஸ், ஃபோனோ உண்டு, டிஜிட்டல் இன்புட் கிடையாது. கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏ.எக்ஸ்.ஏ.35 பேருக்கேத்த மாதிரி 35. ஸ்ட்ரீமிங் மட்டும்தான், ரெக்கார்டு இல்லைங்கிறவங்களுக்கு வீம் ஆம்ப் மாதிரி கையடக்க கிளாஸ்-டி பெட்டி ஒண்ணே போதும். விலையை நான் எழுதலை. நீங்க படிக்கிறதுக்குள்ள மாறியிருக்கும். மேல சொன்ன எதுவும் இந்த ரூமுக்குக் குறைவு இல்லை, அதுதான் விஷயம்.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, வெயில். திருச்சியில ஏப்ரல், மே மாசத்துல 40 டிகிரிங்கிறது செய்தியே இல்லை. கிளாஸ்-ஏபி ஆம்ப்ளிஃபையர் தன் பங்குக்கும் சூடாகும். அதைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள்ள அடைச்சு, மேல ஒரு கொலு பொம்மையையும் வச்சீங்கன்னா உள்ள இருக்கிற கெபாசிட்டர்களோட ஆயுசு போச்சு. 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்ங்கிறது எலக்ட்ரானிக்ஸ்காரங்க பொதுவா சொல்ற கணக்கு. மேல நாலு விரல் இடம் விடுங்க. அப்படியே, கேட்டு முடிச்சதும் ஆஃப் பண்ணுங்க. சும்மா நிக்கும்போதே 30 வாட்ஸ் இழுக்கிற பெட்டியை நாள் முழுக்க விட்டா ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட். 500 யூனிட் எல்லையை ஒட்டி நிக்கிற வீடுன்னா ஸ்லாப் மாறி பில்லு எகிறும்.

இன்னொண்ணு, சொந்தக்காரங்க. திருச்சி ஏர்போர்ட்ல சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் ஃப்ளைட்டு இறங்குற ஊர் இது. "அங்க சீப்பு மாமா, நான் வரும்போது எடுத்துட்டு வர்றேன்"னு ஒரு மருமகன் இல்லாத குடும்பம் உண்டா? சிங்கப்பூர், வளைகுடா செட்டுகள் நம்ம 230 வோல்ட்டுக்கு ஓடும். அமெரிக்கா 120, ஜப்பான் 100. அதைத் தெரியாம இங்க சொருகினா அன்னைக்கே புகை. வோல்டேஜ் பொருந்தினாலும் வாரண்டி பெரும்பாலும் கடல் தாண்டி வராது. சுங்க வரியையும் எக்ஸ்ட்ரா லக்கேஜையும் கூட்டினா எவ்வளவு மிச்சம்னு பாருங்க. மிச்சம் விலையில 20% கூட இல்லைன்னா உள்ளூர்ல பில்லோட வாங்குங்கன்னுதான் சொல்வேன். வாங்குற கடையில ஒரு கேள்வி கேளுங்க: "ரிப்பேர்னா இங்கயே பார்ப்பீங்களா, சென்னைக்கு அனுப்பணுமா?" பத்து கிலோ பெட்டியை பார்சல்ல அனுப்பி வாங்கினவங்களுக்குத் தெரியும் அந்தக் கேள்வியோட அருமை.

இப்போ பணம். நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்மையில நோ காஸ்ட் இல்லை. 0% வட்டிங்கிற ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லியாச்சு. 60,000 ரூபாய் பொருளை மாசம் 5,000-ன்னு 12 மாசம் கட்டுறீங்கன்னு வைங்க. வங்கி 15% வட்டி போட்டா அதுல வட்டி மட்டும் சுமார் 4,600. அந்த வட்டியை விலையில கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., சுமார் 830 ரூபாய், உங்க பில்லுல வரும். அதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ். சரி, ஆயிரம் சொச்சம்தானேன்னு தோணும். பெரிய நஷ்டம் வேற: ரொக்கமா குடுக்கிறேன்னு பேரம் பேசினா கிடைக்கிற தள்ளுபடி போச்சு. அதை விடப் பெரிய நஷ்டம், 60,000 போதும்னு வந்த ஆள் "மாசம் ஏழாயிரம் எட்டாயிரம்தானே கூட"ன்னு ஒன்றரை லட்சத்துக்குப் போறது.

எஃப்.டி.யைப் பாதியில உடைச்சா பல வங்கிகள்ல 0.5% முதல் 1% வரைக்கும் வட்டியைக் குறைப்பாங்க. சாரோட எஃப்.டி. ஒண்ணு நவம்பர் கடைசியில முதிர்வு. இத்தனை வருஷம் காத்திருந்தவர் இன்னும் சில வாரம் காத்திருக்க மாட்டாரா? சம்பளக்காரங்களுக்கு நான் சொல்றது ஆர்.டி. மாசம் 5,000, 12 மாசம். வருஷக் கடைசியிலயும் அந்த ஆசை அப்படியே இருந்தா, தாராளமா வாங்குங்க.

இங்க என் சக யூடியூபர்கள் சிலர்கூட எனக்கு ஒத்துப் போகாது. "90,000-த்தை 12% வருமானம் தர்ற ஃபண்டுல போட்டா 10 வருஷத்துல 2.79 லட்சம், அதைப் போய் பாட்டுப் பெட்டியில..."ன்னு ஆரம்பிப்பாங்க. நானும் அப்படிப் பேசினவன்தான். 12% உத்தரவாதம் இல்லைங்கிறது ஒரு பக்கம். அறுபத்தி ரெண்டு வயசுல, கடன் இல்லாம, மருத்துவக் காப்பீடும் அவசர நிதியும் தனியா வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட, "எழுபத்தி ரெண்டுல கேட்டுக்கோங்க சார்"னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? காது அதுவரைக்கும் காத்திருக்குமா? தினம் ரெண்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், 10 வருஷம். 6,000 மணி நேரம். 60,000 ரூபாய்க்கு வாங்கினா மணிக்கு 10 ரூபாய். ஒரு டீக்கும் குறைவு. நான் எதிர்க்கிறது அந்த 60,000-த்தை இல்லை, காதுக்கே எட்டாத அடுத்த 90,000-த்தை.

காதுன்னதும் ஒண்ணு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவங்களுக்கு 80 டெசிபல் வரைதான் பாதுகாப்புன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. 100 வாட்ஸ் வாங்கி அதை "வசூல்" பண்ணணும்னு திருகாதீங்க.

சாரோட புது பட்ஜெட் இதுதான்: ஸ்பீக்கருக்கு 32,000. ஆம்ப்ளிஃபையருக்கு 25,000-த்துக்குள்ள, புதுசு கிடைக்கலைன்னா பில்லோட இருக்கிற நல்ல பழசு. ஸ்டாண்டு, சாதாரண செம்பு ஒயர் எல்லாம் சேர்த்து 3,000. டர்ன்டேபிள் அப்பாவோடது இருக்கு, பெல்ட்டும் ஊசியும் மாத்தணும், அதுக்குத் தனியா கொஞ்சம் எடுத்து வச்சிருக்கார். "மார்கழி பொறக்கறதுக்குள்ள செட் ஆயிடணும் தம்பி, வைகுண்ட ஏகாதசி கூட்டத்துல நான் எங்கயும் நகர முடியாது, வீட்டுலதான்"னு நேத்து போன் பண்ணார். பின்னாடி மாமி குரல் கேட்டுச்சு: ஜமுக்காளத்தைத் துவைச்சுக் காயப் போட்டாச்சாம், காஞ்சதும் அந்த ரூம்லயே போட்டுடுவாங்களாம்.